கூத்தாண்டவர் தொன்மமும் தற்காலப் புனைவும்

முன்னுரை

கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்திலுள்ள கூவாகத்தில் ஆண்டுதோறும் சித்திரையில் கூத்தாண்டவர் திருவிழா நடைபெறுகிறது. பாரதத்து அரவானே இங்குக் கூத்தாண்டவராக வழிபடப்படுகிறார். திருநங்கையர் அவர் பெயரால் தாலி கட்டிக்கொள்கின்றனர்; மறுநாள் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெண்புடவை உடுத்துகின்றனர். இத்தொன்மத்திலிருந்து தற்காலப் புனைவு எதனை ஏற்றது, எதனை விடுத்தது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொன்மத்தின் வளர்நிலை

வியாச பாரதத்தில் அரவான், அருச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்தவன். எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்னும் அரக்கனால் கொல்லப்படுகிறான். அங்குக் களப்பலி இல்லை. தமிழில் 9ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவில் களப்பலி இடம்பெறுகிறது. வில்லிபாரதமும் அதனைப் பாடுகிறது. பலிக்கு முந்தைய மணமும், கண்ணன் மோகினியாதலும், அதன்பின் வரும் கைம்மையும் வாய்மொழி மரபிலும் சடங்கிலும் நிலைபெற்றவை. வெட்டுண்ட தலை போர் முழுவதையும் கண்டது என்பதும் மக்கள் வழக்காகும். எனவே இத்தொன்மத்தின் அமைப்பை முன்னறிந்த சாவு, குறுகிய மணம், சாவுக்குப் பின்னும் காணும் கண் என மூன்றாகப் பகுக்கலாம்.

புனைவில் தொன்மம்

தொன்மத்தின் பெயர்களை மாற்றி அதன் ஊழை மட்டும் எடுத்துக்கொள்வது மிகுபுனைவின் இயல்பு. பின்லாந்தின் காலேவலா காப்பியத்துக் குல்லெர்வோவை டோல்கீன் தம் புனைவுலகில் தூரின் என்னும் பாத்திரமாக வார்த்தமை இதற்குச் சான்று.

தமிழில் சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' நாவலைத் தழுவி 2012இல் வசந்தபாலன் இயக்கிய 'அரவான்' திரைப்படம் இம்முறையைப் பின்பற்றுகிறது. அதன் நாயகன் பாரதப் பாத்திரம் அல்லன்; ஊரால் பலிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞன். பலிநாளுக்கு முன் அவனுக்குத் திருமணமும் நிகழ்கிறது. முதலிரு கூறுகளும் இவ்வாறு தொடர, தெய்வத்தன்மை விலகுகிறது. அரவானைப் பலிகொள்ளும் போர்த்தேவையின் இடத்தில் ஊரின் முடிவு நிற்கிறது.

ஆயின் இம்மாற்றத்தில் ஒன்று விடுபடுகிறது. கூவாகத்தில் மணமகளாக நிற்பவர் திருநங்கை. திரைப்படத்தில் அவ்விடத்தில் நிற்பவள் பெண். மோகினியின் உருமாற்றம் நீங்கியதால், அவ்வுருமாற்றத்தைத் தம் வாழ்வுக்குச் சான்றாகக் கொண்டோரும் கதையிலிருந்து நீங்குகின்றனர்.

முடிவுரை

காலேவலாவின் வீரனுக்காக இன்று தாலி அறுப்போர் எவருமிலர். அரவானுக்கு உளர். எனவே தமிழ்த் தொன்மத்தைப் புனைவாக்குவது பழம்பொருளை எடுத்தாள்வது மட்டுமன்று; வாழும் மக்களின் துயருரிமையைக் கையாள்வதுமாகும். அரவானின் சாவைப் புனைவுகள் எளிதில் ஏற்கின்றன. அச்சாவுக்காக அழுவோரையும் ஏற்கும்போதே தொன்மம் முழுமையாகக் கையளிக்கப்படும்.