எடுத்ததைக் கொடுப்பதே சமாதானம்



ஞானோபதேசத்தில் ஏழாம் கற்பனையைப் படிக்கையில் ஒரு கேள்வி வரும். பிறர் பொருளை அநியாயமாய் வைத்திருப்பவன் பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதுமா? போதாது. தன்னால் கூடியமட்டும் அதை உடையவனுக்குத் திருப்பிக் கொடுக்கவும் கடமைப்பட்டிருக்கிறான்.

இக்கடமை தனி மனிதனுக்கு மாத்திரந்தானா? ஓர் ஊருக்கும் உண்டா? அமெரிக்காவில், கலிபோர்னியாவிலுள்ள யுரேகா நகரசபை இதற்கு விடை காட்டியிருக்கிறது.

அந்நகரின் எதிரே, வளைகுடாவில், துலுவாட் என்றொரு தீவு உண்டு. வியோட் என்னும் ஆதிகுடிகளுக்கு அது உலகத்தின் நடுவிடம். உலகம் புதுப்பிக்கப்பட வேண்டுமென்று அங்கே கூடிச் சடங்கு செய்வார்கள். 1860 பிப்ரவரியில், அச்சடங்கு நாட்களில் ஓரிரவு, குடியேறிய வெள்ளையர் சிலர் தீவில் புகுந்து அவர்களை வெட்டிக் கொன்றார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியோருமே. கொன்றவர் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. தீவு பிறர் கைக்குப் போயிற்று. பின்னர் அங்கு நடந்த கப்பல் பட்டறையால் மண்ணும் நஞ்சாயிற்று.

2000-ல் வியோட் மக்கள் பணம் திரட்டி அதில் ஒன்றரை ஏக்கரை வாங்கி, நஞ்சை அகற்றினார்கள். பறிகொடுத்தவர்களே விலையும் கொடுத்தார்கள்! நகரசபை 2004-ல் சுமார் 40 ஏக்கரைத் திருப்பிக் கொடுத்தது. 2014-ல், நின்றுபோன சடங்கு மறுபடி நடந்தேறியது. 2019 அக்டோபரில், தன் வசமிருந்த மீதி 200 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் சபை விலையின்றி ஒப்படைத்தது.

அச்சபையில் இருந்தோர் ஒருவரும் கொன்றவரல்லர். ஆயினும், களவுப் பொருள் என்று அறிந்தபின் அதை வைத்துக்கொள்பவனும் கடனாளியே.

நாமும் இதற்குப் புறம்பானவர்களல்ல. கனடாவில் ஆதிகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துவைத்த விடுதிப் பள்ளிகளில் பலவற்றைக் கத்தோலிக்கரே நடத்தினார்கள். 2022 ஜூலையில் பாப்பரசர் பிரான்சிஸ் அங்கே சென்று மன்னிப்புக் கேட்டார். அது முதற்படி மாத்திரமே என்றும் சொன்னார்.

சக்கேயு, வஞ்சித்து வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகச் சொன்னான். அதன்பின்பே அவன் வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததென்று ஆண்டவர் திருவுளம்பற்றினார்.

குடும்பத் தலைவர்களே, உங்கள் பாட்டனார் விட்டுச்சென்ற நிலத்தில் அயலானின் வரப்பு, ஒரு விதவையின் பங்கு கலந்திருக்கிறதா? சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வருமுன், வீட்டில் அதைப் பேசித் தீர்மானியுங்கள்.