தலைமைப் பதவியில் பெண்கள்: ஊராட்சி ஆராய்ச்சி கூறுவது யாது?

நிர்வாகக் குழுவுக்குப் பெண் அங்கத்தினர் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டால், "பெயருக்குத்தான் அம்மாள், காரியம் பார்ப்பவர் கணவர்" என்னும் பேச்சு எழுவதை நாம் அறிவோம். இதில் எத்துணை உண்மை உண்டு என்பதை அனுமானத்தால் கூற இயலாது. அளந்து பார்த்தே கூற வேண்டும். நம் நாட்டு ஊராட்சிகளில் அவ்வாறு அளந்து பார்த்திருக்கிறார்கள்.

1993ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சி உறுப்பினர் இடங்களிலும் தலைவர் பதவிகளிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்கியது. எந்த ஊருக்குப் பெண் தலைவர் என்பதை ஊராரின் விருப்பம் தீர்மானிக்கவில்லை, சுழல்முறையே தீர்மானித்தது. ஆகவே, "நல்ல ஊர் பெண்ணைத் தேர்ந்தெடுத்தது, அதனால் நன்மை விளைந்தது" என்று வாதிட இடமில்லை. ஒரே நிலத்தில் பாத்தி பிரித்து இருவகை விதைகளை ஊன்றிப் பார்ப்பதற்கு ஒப்பானது இது.

இவ்வாய்ப்பைப் பயன்படுத்தி, ராகபேந்திர சட்டோபாத்யாய, எஸ்தர் டூஃப்லோ ஆகிய இருவரும் மேற்கு வங்காளத்திலும் இராஜஸ்தானத்திலும் 265 ஊராட்சிகளை ஆராய்ந்து, 2004இல் முடிவுகளை வெளியிட்டனர். பெண் தலைவர்கள் பலருக்குக் கல்வியும் பொது அனுபவமும் குறைவே. கணவரின் உதவியைப் பெற்றவர்களும் உண்டு. எனினும் பணம் சென்ற வழி மாறியிருந்தது. இரு மாநிலங்களிலும் பெண் தலைமையில் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிடப்பட்டது. குடம் சுமப்பவர் பெண்கள் அல்லவா! சாலை விஷயம் இன்னும் கவனிக்கத்தக்கது. மேற்கு வங்காளத்துப் பெண்கள் சாலை வேண்டும் என்றனர். அங்கே பெண் தலைமையில் சாலைப் பணி மிகுந்தது. இராஜஸ்தானத்தில் வேலை தேடி அடிக்கடி வெளியூர் செல்லும் ஆண்களே சாலையை மிகுதியாகக் கேட்டனர். அங்கே பெண் தலைமையில் அப்பணி குறைந்தது. கணவர்களே எல்லாவற்றையும் நடத்தியிருந்தால், பெண்களின் கோரிக்கையை ஒட்டி இவ்வேறுபாடு தோன்றியிருக்குமா? அன்றியும், மேற்கு வங்காளத்துக் கிராமக் கூட்டங்களுக்கு வந்தோரில் 100க்கு ஏறத்தாழ 7 ஆக இருந்த பெண்களின் பங்கு, பெண் தலைவர் உள்ள ஊர்களில் ஏறத்தாழ 10 ஆக இருந்தது.

ஆனால் உழைப்புக்கு ஏற்ற நற்பெயர் கிடைத்ததா? இல்லை. டூஃப்லோவும் பெட்டியா டோபலோவாவும் செய்த மற்றோர் ஆய்வில், பெண் தலைமை பெற்ற ஊர்களின் பொது வசதிகள் அளவிலும் தரத்திலும் குறையவில்லை. கையூட்டுக் கொடுத்ததாகச் சொன்னவர்களும் குறைவு. அவ்வாறிருந்தும் ஊரார் மனநிறைவு குறைவாகவே இருந்தது. ஊராட்சியின் அதிகாரத்திற்கு உட்படாத வசதிகளைப் பற்றியும் குறை கூறினர் என்பது வியப்பிலும் வியப்பு.

இம்மனப்பான்மை மாறுமா என்று லோரி பீமன் முதலியோர் மேற்கு வங்காளத்தில் ஆராய்ந்தனர். ஒரே பேச்சை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்து கேட்கச் செய்தனர். பெண் தலைவரையே கண்டறியாத ஊர்களில் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைந்த மதிப்பளித்தனர். பெண் தலைமையைக் கண்ட ஊர்களில் இவ்வேற்றுமை பெரும்பாலும் மறைந்தது. ஆயினும், "தலைவர் ஆணாக இருப்பதே எமக்கு விருப்பம்" என்ற மனம் மட்டும் அசையவில்லை! திறமையைப் பற்றிய கருத்து கண்கூடாகக் கண்டால் மாறுகிறது. விருப்பம் எளிதில் மாறுவதில்லை. 1998, 2003 தேர்தல்களில் தொடர்ந்து பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களிலோ, 2008இல் ஒதுக்கீடு இல்லாதபோதும் பெண்கள் தாமாகப் போட்டியிட்டு வெல்வது மிகுந்தது. ஒரே தடவை இடமளித்துவிட்டுப் பயனை எடைபோடுவது அவசரம் என்றே நாம் கருதுகிறோம்.

அவ்வாறு இருமுறை பெண் தலைமை கண்ட ஊர்களில், பிள்ளைகளின் எதிர்காலம் குறித்துப் பெற்றோர் கொண்டிருந்த ஆண்-பெண் வேறுபாடு 20 சதவீதம் குறைந்ததாக 2012இல் வெளியான ஆய்வு கூறுகிறது. சிறுமிகள் வீட்டு வேலைகளுக்குச் செலவிட்ட நேரமும் குறைந்தது.

நம் தொழிலை நோக்குவோம். 2019-20ஆம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் ஏறத்தாழ 35 இலட்சம் கைத்தறித் தொழிலாளரில் 25 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பெண்கள். தார் சுற்றும் கைகளும் தறியில் அமரும் கைகளும் பெரும்பாலும் அவர்களுடையவே. சங்கத்தின் அங்கத்தினர் பதிவேட்டில் யார் பெயர் உள்ளது, கூலி யார் கணக்கில் வரவாகிறது, மகாசபைத் தீர்மானங்களை முன்மொழிந்தவர் யாவர் என்பவற்றை அங்கத்தினர்கள் தத்தம் சங்கத்தில் எடுத்துப் பார்க்கலாம். இதற்கு ஆராய்ச்சியாளர் வரவேண்டியதில்லை. பதிவேடும் நடவடிக்கைக் குறிப்பும் சங்க அலுவலகத்திலேயே உள்ளன.