வாள் தோற்ற மலைநாட்டில் வேதம் வேரூன்றியது எப்படி?



ஒக்டோபர் செபமாலை மாதம். அதன் 7ஆம் திகதி செபமாலை அன்னையின் திருநாள். 1571ஆம் ஆண்டு இதே நாளில், லெப்பாந்தோ கடற்போரில் கிறிஸ்தவக் கப்பற்படை துருக்கியரை வென்றதன் நினைவாகவே இத்திருநாள் தோன்றியது என்பதை மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருப்பீர்கள். அந்தப் படையை நடத்தியவர் ஒஸ்திரியாவின் தொன் யுவான். ஸ்பானிய மன்னர் இரண்டாம் பிலிப்புவும் இவரும் ஒரே தந்தையின் பிள்ளைகள். லெப்பாந்தோவுக்கு முன்னர், ஸ்பானியாவுக்குள்ளேயே கிரனாதாவில் எழுந்த உள்நாட்டுக் கிளர்ச்சியை அடக்கிய தளபதியும் இவரே. லெப்பாந்தோவில் வென்றபோது இவருக்கு வயது 24.

இந்த ஸ்பானியத் தளபதியின் பெயரைத் திருமுழுக்கில் பெற்ற ஒருவர் நமது கண்டி நகரில் அரசாண்டார் என்பது உங்களுக்குத் தெரியுமா? ஸ்பானிய மன்னரின் படையையே அவர் தோற்கடித்தார் என்பது அதனினும் வியப்பு. அந்த வரலாற்றை இவ்வாரப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

பெயர் தரித்தவர்

1580களின் தொடக்கத்தில் சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் கண்டியைக் கைப்பற்றினான். கண்டி அரசன் கரலியத்த பண்டார தன் சிறு மகள் குசுமாசன தேவியுடன் தப்பி ஓடினான். பெற்றோரை இழந்த அக்குழந்தை போர்த்துக்கேயரின் பாதுகாப்பில் மன்னாரிலே வளர்ந்தாள். தோன கத்தரீனா என்ற பெயருடன் திருமுழுக்கும் பெற்றாள்.

பேராதனைப் பிரபுவான வீரசுந்தர பண்டாரவையும் இராஜசிங்கன் கொன்றான். அவருடைய மகன் கொனப்பு பண்டார கொழும்புக்கு ஓடிப் போர்த்துக்கேயரிடம் அடைக்கலம் புகுந்தார். திருமுழுக்கின்போது அவருக்கு இடப்பட்ட பெயர்தான் ஒஸ்திரியாவின் தொன் யுவான். அக்காலத்தில் போர்த்துக்கல் நாடும் ஸ்பானிய மன்னர் பிலிப்புவின் முடியின் கீழ் வந்திருந்தது. ஆகவே தொன் பிலிப், தொன் யுவான் என்று ஸ்பானிய அரச குடும்பத்தின் பெயர்களே நம் நாட்டு இளவரசர்களுக்கும் சூட்டப்பட்டன.

1590களின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் தொன் பிலிப் எனப்பட்ட யமசிங்க பண்டாரவைக் கண்டி அரியணையில் அமர்த்த முனைந்தனர். கொனப்பு பண்டார அவருடன் படைத்தலைவராகச் சென்றார். தொன் பிலிப் விரைவிலேயே இறந்தார். நஞ்சூட்டப்பட்டார் என்ற பேச்சும் எழுந்தது. கொனப்பு பண்டார போர்த்துக்கேயரை விரட்டிவிட்டுத் தாமே அரசரானார். பௌத்தத்துக்குத் திரும்பி, விமலதர்மசூரியன் என்ற பெயரைச் சூடினார்.

இதில் நாம் முதலாவதாகக் கற்க வேண்டியது என்ன? உயிருக்கு அஞ்சியோ பதவியை நாடியோ பெறும் திருமுழுக்கினால் பெயர் மாறும். உள்ளம் மாறுமென்று சொல்ல முடியாது. அவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. விசுவாசத்தை அரசியல் ஒப்பந்தம்போல் வழங்கியவர்களும் அதற்குப் பொறுப்பாளிகளே.

தளபதி வந்தார்

1594இல் பேதுரு லோபெஸ் த சூசா என்பவர், இலங்கையைக் கைப்பற்றுவதற்கெனத் தளபதியாக நியமிக்கப்பட்டு வந்தார். இளம் பெண்ணான தோன கத்தரீனாவைக் கண்டியின் அரசியாக்கி, அவள் பெயரால் நாட்டை ஆள்வதே திட்டம். படையில் போர்த்துக்கேயர் சிலரே. உள்நாட்டு லஸ்கரின் வீரர்கள் அவர்களைப்போல் பன்மடங்கினர். அவர்களுடைய தலைவர், முன்பு சீதாவாக்கை மன்னனிடம் பணிபுரிந்த ஜயவீர பண்டார முதலி. இவர் தென்னிந்திய வம்சத்தவர் என்று கூறுவர்.

கண்டி நகரம் எளிதில் வசமாயிற்று. விமலதர்மசூரியன் நகரை விட்டு விலகிக் காடுகளுக்குள் சென்றுவிட்டார். ஹுன்னஸ்கிரியவில் வாழும் நம் குடும்பங்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. கண்டியிலிருந்து மகியங்கனை வீதியால் தெல்தெனியவைக் கடந்து மலையேறி வருபவர் எவருக்கும் இந்நாட்டின் இயல்பு விளங்கும். ஒடுங்கிய பாதை, பள்ளத்தாக்கு, மூடுபனி, அடர்ந்த காடு இவைதாம் கண்டியரசின் கோட்டை. ஹுன்னஸ்கிரியவுக்கு அருகிலுள்ள மெதமகாநுவர பிற்காலத்திலும் அரசருக்குப் புகலிடமாயிற்று. 1815 பெப்ரவரியில் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் அகப்பட்டது அதன் சுற்றுப்புறத்திலேயே.

நகரைப் பிடித்த தளபதியால் மக்களைப் பிடிக்க முடியவில்லை. தங்கள் அரசியைச் சுற்றி அந்நியரே நிற்பதையும், அவளுக்கு அந்நியன் ஒருவனே கணவனாவான் என்ற பேச்சையும் கண்டி மக்கள் வெறுத்தனர். இந்நிலையில் ஜயவீர பண்டார எதிரியோடு இரகசியத் தொடர்பு வைத்திருக்கிறார் என்ற ஐயம் எழுந்தது. சான்றாகக் காட்டப்பட்டது ஒரு கடிதம். அதுவே விமலதர்மசூரியனின் சூழ்ச்சி என்பர். தீர விசாரியாமல் ஜயவீரவைக் கொன்றுவிட்டனர். தலைவரை இழந்த லஸ்கரின் வீரர்கள் கூட்டங்கூட்டமாகப் படையை விட்டு நீங்கினர்.

எஞ்சிய சிறு படை கொழும்புக்குத் திரும்ப முயன்றது. கண்டிக்கு மேற்கே, பலன கணவாயை நோக்கிய வழியிலுள்ள தந்துரேயில் அது சூழப்பட்டு அழிந்தது. அதுவும் ஓர் ஒக்டோபர் மாதமே! சூசா காயமுற்று உயிர் துறந்தார். அவருடைய சிறு மகனை விமலதர்மசூரியன் தீங்கின்றிக் கொழும்புக்கு அனுப்பிவைத்தார். வேதத்தை விட்டவர் என்று நாம் சொல்லும் அந்த அரசர், எதிரியின் குழந்தைக்கு இரக்கம் காட்டினார்.

தோன கத்தரீனாவோ வென்றவருக்கு மனைவியானாள். அவளுடைய விருப்பம் என்னவென்று எத்தரப்பாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஒருவருக்கு அவள் படையெடுப்பின் காரணம். மற்றவருக்கு அரியணையின் உரிமைப் பத்திரம். திருமுழுக்குப் பெற்ற ஒரு பிள்ளையை மனிதப் பிறவியாக மதியாமல் கருவியாகப் பயன்படுத்திய பாவம் இவ்வரலாற்றில் எல்லாவற்றிலும் பெரியது.

ஆயுதமின்றி வந்தவர்

தந்துரேக்குப் பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழிந்தன. 1692இல் கோவையைச் சேர்ந்த ஒரு குரு கண்டிக்கு வந்தார். அவரிடம் படை இல்லை, அவருக்குப் பின்னால் மன்னர் எவரும் இல்லை. கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தரோ கத்தோலிக்கக் குருக்களைத் தேடித் துரத்திக்கொண்டிருந்தனர். அவரே புனித யோசேவாஸ் அடிகளார். போர்த்துக்கேய ஒற்றன் என்று ஐயுற்று அவரையும் சிறைவைத்தனர். பழைய தளபதிகள் விட்டுச்சென்ற ஐயத்தின் சுமையை அவர் சுமந்தார்.

அப்போது கண்டியை ஆண்டவர் இரண்டாம் விமலதர்மசூரியன். தோன கத்தரீனாவின் பேரன்! பாட்டியை அரசியாக்கப் படை வந்தது, அழிந்தது. பேரனுடைய காலத்தில் செபமும் பொறுமையும் கொண்ட ஒரு துறவி வந்தார். அரசரின் மதிப்பைப் பெற்றார். 1697இல் அம்மை நோய் பரவி, உறவினரே நோயாளரைக் கைவிட்டபோது, அடிகளார் சமய வேறுபாடு பாராமல் அவர்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தார். தமிழிலும் சிங்களத்திலும் போதித்தார். 1711 சனவரி 16இல் கண்டியிலேயே இறைவனடி சேர்ந்தார். 2015 சனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் சமயச் சுதந்திரம் பற்றிய ஏட்டில், விசுவாசத்தை ஏற்கும்படி எவரையும் வற்புறுத்தலாகாது என்று போதித்தது. கெத்சமனியில் வாளை உருவிய பேதுருவை ஆண்டவர் தடுத்ததும் இதற்காகவே. மலைநாட்டில் இன்று நாம் பல சமயத்தார் நடுவே சிறு தொகையினராக வாழ்கிறோம். அயலாருக்கு நம் வேதத்தைக் காட்டக்கூடியது நமது அன்புப் பணியே. லெப்பாந்தோவை நினைத்துச் செபமாலை செபிக்கும்போது தந்துரேயையும் நினைத்து, இரு தரப்பிலும் இறந்தவர்களுக்காக ஒரு பத்து மணி ஒப்புக்கொடுப்போம்.

குடும்பத்தில் சேர்ந்து சிந்திக்க

1. திருமணம், பாடசாலை அனுமதி, பதவி ஆகியவற்றுக்காக மட்டும் திருமுழுக்கை நாடுவோரிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்?

2. ஜயவீர பண்டாரவுக்கு நேர்ந்ததுபோல், தீர விசாரியாமல் ஒருவரைக் குற்றவாளியாக்கியது நம் வீட்டிலோ, வேலைத்தலத்திலோ, பங்கிலோ உண்டா?

3. நம் பிள்ளைகளின் திருமணத்தைப் பேசும்போது அவர்களுடைய விருப்பத்தைக் கேட்கிறோமா?

4. நோயுற்ற அயலவர் வேறு சமயத்தவரானால், முதலில் அவர் வீட்டுப் படியேறுவது யார்?