நல்லெண்ணம்

மக்கள் தனித்து வாழும் இயல்பினர் அல்லர். பெற்றோர், உடன்பிறந்தார், ஆசிரியர், உடன்பயில்வோர், அண்டை அயலார் எனப் பலரொடும் கூடி வாழ்பவர். இக்கூட்டு வாழ்வு இனிதாவதும் இன்னாததாவதும் பெரும்பாலும் நம் எண்ணத்தைப் பொறுத்தனவாம். பிறருடைய சொல்லையும் செயலையும் நாம் காண்கின்றோம், உள்ளத்தைக் காண்பதில்லை. காணாத அவ்விடத்தை நாமே ஓர் எண்ணத்தால் நிரப்பிக்கொள்கின்றோம். அவ்வெண்ணம் நல்லதாயின் உறவு தழைக்கும், தீயதாயின் வாடும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, காவிரியின் தென்கரையில், ஜீயபுரம் என்னும் ஊர் உள்ளது. நெல்லும் வாழையும் செழிக்கும் நன்செய்ப் பகுதி அது. அத்தகைய ஊரில் அடுத்தடுத்து நிலமுடைய உழவர் இருவர், ஒரே வாய்க்கால் நீரைப் பாய்ச்சுகின்றனர் என்று கொள்வோம். ஒருநாட் காலையில் கீழ்வயலுக்கு உரியவர் தம் வயலில் நீர் வற்றியிருக்கக் காண்கின்றார். "மேல்வயற்காரர் இரவில் மடையை அடைத்துவிட்டார்" என்று எண்ணுகின்றார். அவர் எதிர்ப்பட்டபோது முகங்கொடாமற் செல்கின்றார். காரணம் அறியாத மற்றவரும் மனம் புண்பட்டுப் பேச்சை நிறுத்துகின்றார். "குற்றமுடையவர் ஆதலின் அன்றோ பேசவில்லை!" என்று முன்னவரின் ஐயம் உறுதிப்படுகின்றது. ஐயம் தனக்கு வேண்டிய சான்றைத் தானே படைத்துக்கொள்ளும் விந்தை இது.

"அண்ணே, என் வயலில் தண்ணீர் நிற்கவில்லை, சேர்ந்து பார்ப்போமா?" என்று அவர் கேட்டிருந்தால் நிகழ்வது வேறு. இருவரும் வரப்பின்மீது நடந்திருப்பர். நண்டு வளையின் வழியே நீர் ஒழுகுவதைக் கண்டிருப்பர். ஒரு கூடை மண்ணால் அதனை அடைத்திருப்பர். நண்டு செய்த பிழைக்கு நட்பை இழப்பது அறிவுடைமை ஆகுமோ?

ஐயத்தின் கொடுமையையும் நல்லெண்ணத்தின் பெருமையையும் ஒருங்கே கண்டது உறையூர். ஜீயபுரத்திற்குக் கிழக்கே, இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதியாக விளங்கும் அவ்வூர், பண்டைச் சோழர் தலைநகரம் ஆகும். சோழர் குடியினரான நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பகைமை பூண்டிருந்த காலத்தில், இளந்தத்தன் என்னும் புலவர் நலங்கிள்ளியிடமிருந்து உறையூர்க்கு வந்தார். பகைவன் பக்கலிலிருந்து வந்தவர் ஒற்றரே என்று நெடுங்கிள்ளி எண்ணினான். அவரைக் கொல்லவும் துணிந்தான். அப்போது கோவூர் கிழார் இடைப்பட்டார். புலவர் வாழ்க்கை பிறர்க்குத் தீங்கறியாத தூய வாழ்க்கை என்பதை அவன் உணருமாறு எடுத்துரைத்தார். இளந்தத்தன் உயிர் பிழைத்தார். ஆராயாத ஓர் எண்ணத்தால் குற்றமற்ற ஓர் உயிர் மாய இருந்தது!

அதே உறையூரில் அரசாண்டவன் கோப்பெருஞ்சோழன். பாண்டிநாட்டுப் பிசிர் என்னும் ஊரினரான ஆந்தையார் அவனுக்கு நண்பர். இருவரும் ஒருவரை ஒருவர் நேரிற் கண்டதில்லை. மக்களொடு ஏற்பட்ட மாறுபாட்டால் மனம் நொந்த சோழன், உண்ணாநோன்பு பூண்டு வடக்கிருந்தான். பிசிராந்தையார் வருவார் என்றும், அவர்க்கும் ஓர் இடம் ஒழித்து வைக்க வேண்டும் என்றும் கூறினான். நேரிற் காணாத ஒருவர் நெடுந்தொலைவிலிருந்து வருவாரோ என்று உடனிருந்தோர் ஐயுற்றனர். செல்வக் காலத்தில் வாராவிடினும் துன்பக் காலத்தில் தம் நண்பர் வாராதிரார் என்பதே சோழனின் துணிவு. அவ்வாறே பிசிராந்தையார் வந்தார். தாமும் நண்பனொடு வடக்கிருந்தார்.

ஆண்டு பல ஆகியும் அப்புலவர்க்கு நரை தோன்றவில்லையாம். காரணம் வினவியோர்க்கு அவர் கூறிய விடையைப் புறநானூறு காட்டுகின்றது. மனைவியின் மாண்பையும், மக்களின் அறிவு நிரம்பிய தன்மையையும், ஏவலர் தம் கருத்துப்படி ஒழுகுவதையும், அரசன் தீமை செய்யாது காப்பதையும், ஊரிற் சான்றோர் பலர் வாழ்வதையும் அவர் நன்றியொடு கூறினார். தம்மைச் சூழ்ந்தோரின் நன்மையைக் கண்டு சொல்லிய நெஞ்சம் கவலையின்றி இருந்ததில் வியப்பு யாது?

நல்லெண்ணம் என்பது கண்ணை மூடிக்கொண்டு எவரையும் நம்புவது அன்று. திருவள்ளுவர் இதற்கெனத் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரம் வகுத்துள்ளார். ஆராயாமல் ஒருவரைத் தெளிவதும், தெளிந்தபின் அவரிடம் ஐயுறுவதும் ஆகிய இரண்டுமே தீராத துன்பம் தரும் என்பது அவர் கருத்து. ஆதலின் ஆராய்தல் வேண்டும். ஆராய்ந்து முடியும்வரை ஒருவரைக் குற்றவாளி என முடிவு கட்டாதிருத்தலும் வேண்டும்.

மாணவர்களே! உங்கள் எழுதுகோல் காணாமற்போனால், அருகிலிருப்பவரைப் பழிக்குமுன் உங்கள் பையைத் தேடுங்கள். நண்பன் ஒருநாள் பேசாது சென்றால், செருக்கினன் என்று கொள்ளாமல் அவன் வீட்டு நலத்தை வினவுங்கள். இவ்வினாவால் நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை. பெறுவதோ வாழ்நாள் நட்பாகவும் இருத்தல் கூடும். பிறரைப்பற்றி நல்லன எண்ணுவோம்; ஐயம் எழுந்தால் அன்பொடு வினவித் தெளிவோம்; அனைவரொடும் இனிது வாழ்வோமாக!