கடை பிராண்டு பால் வாங்குகிறீர்களா?

ஓசூர் பக்கம் ஆவினும் நந்தினியும் ஒரே குளிர்பெட்டியில் கிடைக்கும். அவற்றோடு சூப்பர் மார்க்கெட் தன் பெயர் போட்டு விற்கும் பாலும் இருந்தால், எதை எடுப்பது?

1. கவரின் நிறத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். ஆவின் பச்சையில் கொழுப்பு 4.5 சதவீதம், நந்தினி பச்சையில் 3.5. கடை பிராண்டுக்கோ நிறம் அவரவர் இஷ்டம். பொடி எழுத்தில் இருக்கும் இரண்டு எண்களைத் தேடுங்கள்: ஒன்று கொழுப்பு, மற்றது எஸ்.என்.எப். (கொழுப்பு போக மிச்சமுள்ள சத்து). டோன்டு பால் என்றால் குறைந்தது 3, 8.5, ஸ்டாண்டர்டைஸ்டு 4.5, 8.5, ஃபுல் க்ரீம் 6, 9. யார் விற்றாலும் சட்டம் இதுதான். எண்கள் ஒன்றாக இருந்து, தேதியும் சரியாக இருந்தால் விலை குறைந்ததையே எடுக்கலாம். பெயருக்காகக் கூடுதல் காசு எதற்கு? டீ, காபிக்கு 3 தாராளம். கெட்டித் தயிருக்கு 4.5, பாயசத்துக்கு 6.

2. கடைக்காரர் மாடு வளர்ப்பதில்லை! பால் எந்தப் பண்ணையில் பாக்கெட் ஆனது என்று முகவரியைப் படியுங்கள். 14 இலக்க உணவு உரிம எண் 124 என்று தொடங்கினால் தமிழ்நாட்டு உரிமம், 112 என்றால் கர்நாடகம். 100 என்றால் மத்திய உரிமம்.

3. விலையோடு மில்லியையும் பாருங்கள். 2024 ஜூனில் நந்தினி விலையை 2 ரூபாய் ஏற்றியபோது, அரை லிட்டர் பாக்கெட்டைச் சிறிது காலம் 550 மில்லி ஆக்கியிருந்தது. பக்கத்துக் கவர் 450 மில்லியாகக்கூட இருக்கலாம். லிட்டருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால்தான் எது மலிவு என்று தெரியும்.

4. 'கூலிங் சார்ஜ்' என்று அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை.

5. சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து வருபவர்கள், பால் வாங்குவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். பைக்கில் மாட்டிக்கொண்டு காய்கறி, மளிகை என்று சுற்றினால் சூடேறிவிடும். வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் வைக்காமல் உள்தட்டில் வையுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத அறையில் தங்கியிருந்தால் அட்டைப்பெட்டியில் வரும் யு.எச்.டி. பால் வசதி, பிரிக்கும்வரை வெளியே இருக்கலாம். பிரித்தால் அன்றே தீர்த்துவிட வேண்டும் என்பதால் 200 மில்லி பெட்டியே போதும்.

6. நேற்றைய பாலில் புதுப் பாக்கெட்டை ஊற்றிக் காய்ச்சாதீர்கள். பழையது திரிந்தால் புதியதும் போச்சு. சந்தேகமாக இருந்தால் ஒரு கரண்டி பாலைத் தனியாகச் சுடவைத்துப் பாருங்கள்.