தெள்ளுச் சந்தையில் ஒரு கோப்பை

யேர்மனியின் பல நகரங்களில் வார இறுதியில் பழைய பொருள்களின் சந்தை கூடும். அதை யேர்மன் மொழியில் ‘புளோமார்க்ட்’ என்பர். ‘புளோ’ என்றால் தெள்ளு. பழைய துணிகளோடு தெள்ளுகளும் வந்ததால் இந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். பேர்லினில் மவுவர்பார்க் சந்தை ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும். முன்பு பேர்லின் சுவர் நின்ற இடம் அது.

மைசென் என்ற ஊரில் 1710 இல் பீங்கான் தொழிற்சாலை ஒன்று தொடங்கியது. அதன் அடையாளம், குறுக்காக வைத்த இரண்டு நீல வாள்கள்.

கயல் தன் அம்மம்மாவின் பிறந்தநாளுக்காக 20 யூரோ சேர்த்திருந்தாள். சித்தியுடன் மவுவர்பார்க் சந்தைக்குப் போனாள்.

கயல்: சித்தி, இஞ்ச பாருங்கோ! இந்தக் கோப்பையின்ர அடியில இரண்டு நீல வாள் இருக்கு. மைசென்தானே? 18 யூரோவாம்!

சித்தி: பொறு பிள்ளை. வாளைக் கண்டவுடன காசை எடுக்காதை. வேற ஆக்களும் அதைப் பார்த்துப் போட்டிருக்கினம். வடிவாப் பார்.

கயல்: வாளுக்குக் குறுக்கால இரண்டு கீறல் இருக்கு.

சித்தி: அப்பிடியெண்டால், இது முதல் தரம் இல்லையெண்டு தொழிற்சாலையே பிரிச்சு விட்டிருக்கலாம். இப்ப விரலால மெல்லத் தட்டு.

கயல்: ‘டொக்’ எண்டு கேக்குது.

சித்தி: பக்கத்தில இருக்கிறதைத் தட்டு.

கயல்: ‘டிங்’! மணி மாதிரிக் கேக்குது.

சித்தி: ‘டொக்’ எண்டால் வெடிப்பு இருக்கலாம். வெளிச்சத்தில பிடிச்சுப் பார்.

கயல்: ஓம், பிடிக்குப் பக்கத்தில மயிர் போல ஒரு கோடு! ஆனா சித்தி, மைசென் எண்டு சொல்லிக் குடுத்தால் அம்மம்மா சந்தோசப்படுவா.

சித்தி: உன்ர காசு, நீதான் முடிவெடுக்க வேணும். அம்மம்மா அதை அலுமாரியில வைப்பாவோ, தேத்தண்ணி குடிப்பாவோ?

கயல் யோசித்தாள். அம்மம்மா சுடச்சுடத் தேநீர் குடிப்பவர். சூடு பட்டால் வெடிப்புப் பெரிதாகும். அவள் வாள்களைக் கீழே வைத்தாள். ‘டிங்’ என்று ஒலித்த சாதாரணக் கோப்பையை எடுத்தாள். கடைக்காரர் 6 யூரோ கேட்டார். கயல் பணிவாகக் கேட்டதால் 5 யூரோவுக்குக் கொடுத்தார்.

பழைய பொருள் வாங்கும்போது

1. எவ்வளவு செலவிடலாம் என்று வீட்டிலேயே முடிவு செய். சில்லறைக் காசு கொண்டு போ.
2. பொருளின் அடிப்பக்கத்தைப் பார். கரண்டியில் 800 என்று இருந்தால், 1000 பங்கில் 800 பங்கு வெள்ளி என்று பொருள்.
3. ‘டே டே எர்’ என்ற எழுத்துகள் இருந்தால் அது கிழக்கு யேர்மனியில் செய்தது. அந்த நாடு 1949 முதல் 1990 வரை இருந்தது.
4. பழைய பணப்பையில் மார்க் நாணயம் கிடைத்தால் வீசாதே. யேர்மன் மத்திய வங்கி அதை இன்றும் யூரோவாக மாற்றித் தரும்.
5. விலையைக் குறைத்துக் கேட்கலாம். பொருளைக் குறை சொல்லிக் கேட்காதே. அது ஒருவரின் பாட்டி பாவித்த பொருளாக இருக்கலாம்.

அருஞ்சொற்கள்

தெள்ளு – நாய், பூனையின் உடலில் துள்ளும் சிறு பூச்சி
பாவித்தல் – பயன்படுத்துதல்
வெடிப்பு – பிளவு

பயிற்சி

1. கயல் ஏன் வாள் அடையாளம் உள்ள கோப்பையை வாங்கவில்லை?
2. எழுத்துத் தமிழில் எழுதுக: இஞ்ச பாருங்கோ, எடுக்காதை, கேக்குது.
3. உன் வீட்டில் உள்ள மிகப் பழைய பொருள் எது? அது யாருடையது, எங்கிருந்து வந்தது என்று வீட்டில் கேட்டு ஐந்து வசனங்கள் எழுதுக.