பனி தேங்கும் பள்ளம்

அன்புள்ள தம்பிக்கு,

செல்போன் பொய் சொல்கிறது என்று கோபித்து எழுதியிருக்கிறாய். ஊட்டிக்கு மழை என்று போட்டிருந்த நாளில் கேத்தியில் வெயில் காய்ந்ததாம். 4 டிகிரி என்று காட்டிய காலையில் உங்கள் கேரட் தோட்டத்தில் உறைபனி கொட்டிக் கிடந்ததாம். அதன்மேல் பழி போடாதே. அது ஒரு வட்டாரத்துக்கே சேர்த்துச் சொல்கிறது. மலையில் சரிவுக்குச் சரிவு வானிலை வேறு.

முதலில் மழையைப் பார். ஆடி, ஆவணியில் தென்மேற்குக் காற்று நீலகிரியின் மேற்கு விளிம்பில் முட்டி, மேலே ஏறிக் குளிர்ந்து, ஈரத்தை அங்கேயே கொட்டிவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. அதே காற்று தொட்டபெட்டா சிகரத்தைத் தாண்டிக் கோத்தகிரிப் பக்கம் இறங்கும்போது அதனிடம் பெரிதாக மிச்சமிருக்காது. ஐப்பசியில் நிலைமை தலைகீழ். வங்கக் கடல் காற்று கிழக்குச் சரிவில் மோதும். 2009 நவம்பரில் உங்கள் கேத்தியிலேயே ஒரு நாளில் 820 மில்லிமீட்டர் பெய்தது. மண் சரிந்து மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் போய்விட்டார்கள். வீட்டில் பெரியவர்களைக் கேள், சொல்வார்கள்.

நீ கேட்டது தை மாத உறைபனியைப் பற்றி. கிழக்கிலிருந்து ஈரக்காற்று வரும் நாட்களில் மூட்டமும் சாரலுமாக இருக்கும். பகலெல்லாம் ஸ்வெட்டரைக் கழற்ற முடியாது. ஆனால் இரவுக் குளிர் அவ்வளவாகக் கடிக்காது. தரை இழக்கும் சூட்டை மேகம் கம்பளி போலப் பிடித்து வைக்கிறது. பிறகு ஒருநாள் காற்று வறண்டு வானம் வெளுக்கும். வெயில் சுள்ளென்று அடிக்கும். சுற்றுலா வந்தவர்கள் குஷியாகப் படம் எடுப்பார்கள். தோட்டக்காரருக்கு அன்றைக்குத்தான் வயிற்றில் புளி கரையும். அன்றிரவு நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்து, காற்றும் அசையாமல் நின்றால், விடியலில் உறைபனிதான்.

அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம். இரவில் சரிவு வழியே வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். ஊட்டியில் குதிரைப் பந்தய மைதானமும் காந்தலும், வெளியே தலைகுந்தாவும் வெளுத்துக் கிடப்பது இதனால்தான். தேயிலைச் சரிவில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: மேல் வரிசைகள் பச்சையாக நிற்கும், அடிவாரத்தில் மட்டும் இலை கருகியிருக்கும். இவ்வளவுக்கும் ஒரே தோட்டம், ஒரே இரவு.

அந்த 4 டிகிரிக்கு வருகிறேன். வானிலை நிலையத்தில் வெப்பமானியைத் தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில், பெட்டிக்குள் வைத்து அளக்கிறார்கள். தெளிந்த இரவில் புல் நுனி அதைவிடப் பல டிகிரி குளிர்ந்துவிடும். ஆக, பெட்டிக்குள் 4 என்று காட்டும்போதே தரையில் புல் உறைந்திருக்கலாம். அடுத்த முறை குனிந்து பார்: இலையின் விளிம்பில்தான் வெள்ளை ஊசிகள் நெருக்கமாக முளைத்திருக்கும். பக்கத்திலேயே மரத்தடிப் புல்லில் ஒன்றும் இருக்காது. வானத்துக்கும் புல்லுக்கும் நடுவே கிளை மறைத்தால் போதும், சூடு அவ்வளவு சீக்கிரம் ஓடாது. ஊட்டி தாவரவியல் பூங்காவில் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியைக் கொண்டு மூடி வைப்பதும் அதே கணக்குத்தான். பனியைத் தடுக்க விலை உயர்ந்த வலையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

உங்கள் தோட்டத்துக்கு இரண்டு வெப்பமானி வாங்கு. ஒன்றை மேட்டு வரப்பிலும் மற்றதைக் கீழே ஓடையோரமும் ஒரே உயரத்தில் கட்டு. சூரியன் ஏறுமுன் இரண்டையும் பார்த்து, முந்தின இரவு வானம் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்து நோட்டில் எழுது. கடையிலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒரே அளவு காட்டுகிறதா என்று பார்த்து வாங்கு. மலிவுச் சரக்கில் ஒரு டிகிரி, இரண்டு டிகிரி முன்பின் இருக்கும்.

அன்புடன்,
அண்ணன்